பிளாக்கா, ஒயரா, எக்செலா, எழுத்தா? திருத்திப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

"சார், எட்டாம் வகுப்புக்கு ஸ்க்ராட்ச்சிலேயே ஆரம்பிக்கட்டுமா, நேரே பைத்தானுக்குப் போயிடட்டுமா?" என்று ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் கேட்டார். அதே வாரத்தில் பாலிடெக்னிக் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்பவர் கேட்டார்: பத்து வெப்பநிலை சென்சார்களைக் கவனிக்க வேண்டும், லேப்வியூ, நோட்-ரெட், பைத்தான் மூன்றில் எது சரி? மூன்றாவதாக ஒரு கடன் சங்கத்தின் கணக்கர். அவருடைய வட்டிக் கணக்கு முழுவதும் எக்செலில் ஓடுகிறது. "இதைத் தூக்கிப் போட்டுட்டு ப்ரோகிராம் எழுதச் சொல்றாங்க. எழுதித்தான் ஆகணுமா?"

மூன்று பேரும் கேட்பது ஒன்றைத்தான். கணினியிடம் சொல்ல வேண்டியதை எந்த வடிவத்தில் சொல்வது? வண்ண பிளாக்குகளை ஒன்றோடொன்று மாட்டிச் சொல்லலாம் (ஸ்க்ராட்ச்). பெட்டிகளுக்கு இடையே ஒயர் இழுத்துச் சொல்லலாம் (லேப்வியூ, நோட்-ரெட்). செல்லில் ஃபார்முலா போடலாம் (எக்செல்). வரிவரியாக எழுதலாம் (பைத்தான்). இந்த நான்கு வழிகளையும், மனிதர் கணினியை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஆராயும் மனித-கணினி ஊடாட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். அந்த முடிவுகள் பாடம் நடத்துகிறவர்கள், மென்பொருள் வாங்குகிறவர்கள் கைக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. சேர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

## படம் என்றால் எளிதா?

1966இல் எம்ஐடியில் வில்லியம் சதர்லேண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் பெட்டிகளை வரைந்து, இணைத்து, அந்தப் படத்தையே நிரலாக ஓடவும் விட்டார். அன்று தொட்டு ஒரு நம்பிக்கை கூடவே வருகிறது: எழுத்தைப் படிக்கத்தான் கற்க வேண்டும், படத்தைப் பார்த்தாலே போதும்.

இந்த நம்பிக்கையை முறையாகச் சோதித்தவர்கள் தாமஸ் கிரீன், மரியன் பீட்டர், ரேச்சல் பெல்லமி. 1991இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், ஒரே தர்க்கத்தை எழுத்தாகவும் லேப்வியூ படமாகவும் அனுபவமுள்ளவர்களிடம் கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். படத்தைப் படித்துப் பதில் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது. பீட்டர் பிறகு அதன் காரணத்தையும் விளக்கினார். தேர்ந்தவர்கள் படத்தில் எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று தெரிந்து பார்க்கிறார்கள். புதியவர்களின் கண் ஒயர் போகும் போக்கிலெல்லாம் அலைகிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்று வரைபவருக்குச் சொல்லிவைத்தார்கள். படிப்பவருக்கு அது கண்பழக்கமும்கூட.

1996இல் கிரீனும் பீட்டரும் செய்த இன்னொரு சிறிய சோதனைதான் என் எண்ணத்தை மாற்றியது. ராக்கெட் செல்லும் பாதையைக் கணக்கிடும் ஒரே நிரல் பேசிக், புரோகிராஃப், லேப்வியூ மூன்றிலும் தயாராக இருந்தது. புரோகிராஃபும் லேப்வியூவும் படவழி மொழிகள். அந்த நிரலில் காற்றின் தடையையும் சேர்த்துக் கணக்கிடும்படி மாற்ற வேண்டும். சராசரியாக, பேசிக்கில் சுமார் 1 நிமிடம் ஆயிற்று. புரோகிராஃபில் 3 நிமிடத்துக்கும் மேல். லேப்வியூவில் 8 நிமிடத்துக்கும் மேல். அந்த நேரத்தின் பெரும்பகுதி சிந்தனைக்குப் போகவில்லை. பெட்டியை நகர்த்துவது, இடம் உண்டாக்குவது, ஒயரை அறுத்து மறுபடி இழுப்பது ஆகியவற்றுக்கே போயிற்று.

எந்தக் கருவியை விற்பவரும் புதிதாக ஒன்றை உருவாக்கித்தான் காட்டுவார். ஐந்து நிமிடத்தில் பூனை நடக்கும், விளக்கு எரியும். ஆனால் ஒரு நிரல் பிழைத்திருக்கும் காலமெல்லாம் அதைப் படிப்பதும் திருத்துவதும்தான் வேலை. ஆகவே உருவாக்கும் வேகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், திருத்தும் செலவைப் பாருங்கள் என்பதே மூன்று பேருக்கும் என் பதிலின் மையம்.

## எதை வைத்து எடை போடுவது

கிரீன் 1989இல் முன்வைத்து, பீட்டரோடு சேர்ந்து விரித்த ஒரு சட்டகம் இருக்கிறது. ஒரு குறியீட்டு முறை மனதுக்கு எங்கெல்லாம் பாரமாகிறது என்று கேட்கச் சொல்லும் கேள்விகளின் தொகுப்பு அது. அதிலிருந்து நம் முடிவுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் செலவு. முதல் அரை மணி நேரத்தில் ஏதாவது ஓடுமா, அல்லது ஒரு மேற்கோள்குறி விட்டுப்போனதற்காகத் திணற வேண்டுமா?

திருத்தும் செலவு. கிரீன் இதைப் பிசுபிசுப்பு என்ற உவமையால் சொன்னார். தண்ணீரில் கையை விட்டு எடுப்பதற்கும் பாகில் விட்டு எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு. ஒரு சின்ன மாற்றத்துக்கு எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது கணக்கு.

மறைந்த தொடர்புகள். இங்கே ஒன்றை மாற்றினால் அங்கே என்ன கெடும் என்பது கண்ணுக்குத் தெரிகிறதா?

பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டு பகுதிகளை ஒருசேரத் திரையில் ஒப்பிட முடியுமா? இரண்டு பேர் தனித்தனியே செய்த மாற்றங்களைச் சேர்க்க முடியுமா?

ஐந்தாவதை நான் சேர்க்கிறேன்: யார் வெளியே நிற்கிறார்கள்? பார்வையில்லாதவர், ஆங்கிலம் தடுமாறுபவர், மவுஸ் இல்லாத பழைய மடிக்கணினி வைத்திருப்பவர். ஒரு வகுப்புக்குக் கருவி தேர்ந்தெடுக்கிறவர் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது.

## பிளாக்: ஸ்க்ராட்ச், ஸ்நாப்

எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் இன்று பெரும்பாலோருக்குத் தெரிந்த பிளாக் மொழி. அதன் தனிச்சிறப்பு வண்ணத்தில் இல்லை. பொருந்தாத பிளாக் பொருந்தாது என்பதில் இருக்கிறது. இலக்கணப் பிழையுள்ள நிரலை அதில் கட்டவே முடியாது, அதனால் பிழைச் செய்தி என்று எதுவும் வராது. குழந்தை எதிர்பார்த்தது நடக்கும் அல்லது வேறொன்று நடக்கும். இரண்டிலும் திரையில் ஏதோ ஒன்று அசையும். சனிக்கிழமை வகுப்பில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பைத்தானில் ஒரு மேற்கோள்குறியைத் தேடி இருபது நிமிடம் கண் கலங்கியதையும், அதே பிள்ளை ஸ்க்ராட்ச்சில் எழுந்து நின்று தோழியைக் கூப்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்த இருபது நிமிடத்தைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிளாக்குகள் எல்லாம் பக்கத்திலேயே வரிசையாக இருப்பதால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பார்த்து எடுத்தால் போதும். டேவிட் வைன்ட்ராப், யூரி விலென்ஸ்கி இருவரும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டபோது அவர்களும் இதைச் சொன்னார்கள். கூடவே, இது "உண்மையான" நிரல் போல இல்லை, பெரிய வேலைக்கு மெதுவாக இருக்கிறது என்ற குறையையும் சொன்னார்கள்.

அதே இருவர் 2017இல் வெளியிட்ட ஒப்பீடு நம் ஆசிரியருக்கு நேரடியாகப் பயன்படும். ஒரே பாடத்திட்டம், ஐந்து வாரம். ஒரு வகுப்புக்கு பிளாக், இன்னொரு வகுப்புக்கு எழுத்து. முடிவில் பிளாக் வகுப்பு கூடுதலாகக் கற்றிருந்தது, மேலும் படிக்கும் ஆர்வமும் அதற்கே அதிகம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிறகு இரு வகுப்புகளும் ஜாவாவுக்குப் போய்ப் பத்து வாரம் படித்தன. அதன் பிறகு சோதித்தபோது இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. பிளாக்கில் தொடங்கியவர்கள் பின்தங்கவில்லை, முந்தவும் இல்லை. "ஸ்க்ராட்ச் படித்தால் கெட்டுப்போவார்கள்" என்பவர்களுக்கும் "ஸ்க்ராட்ச் படித்தால் பைத்தான் தானாக வந்துவிடும்" என்பவர்களுக்கும் இது ஒரே பதில்.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

ஸ்க்ராட்ச்சில் திரையில் அசையும் பூனை, பந்து போன்ற ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதனதன் நிரல். ஒரு பாத்திரத்தைத் தொட்டால் அதன் நிரல் மட்டும் தெரியும், இரண்டு பாத்திரங்களின் நிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. பூனை ஒரு செய்தியை ஒலிபரப்பினால் அதை யார் யார் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பாத்திரமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மறைந்த தொடர்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நான்கு பாத்திரம் வரை யாரும் உணர மாட்டார்கள். பன்னிரண்டு வந்ததும் வகுப்பே திணறும்.

பழக்கம் சார்ந்த செலவும் உண்டு. இஸ்ரேலில் மீர்பவும்-சலாண்ட், அர்மோனி, பென்-ஆரி மூவரும் 2011இல் கவனித்தது: பிள்ளைகள் திட்டமிடாமல் கிடைத்த பிளாக்குகளை ஒட்டிக்கொண்டே போகிறார்கள், நிரலைத் துண்டு துண்டாகச் சிதறவிடுகிறார்கள். ஃபெலியன் ஹெர்மான்ஸ், எஃப்தீமியா ஐவலோக்லூ 2016இல் காட்டியது: நீளமான ஸ்க்ரிப்ட் புரிவதைக் கெடுக்கிறது, ஒரே துண்டைப் பல இடத்தில் நகலெடுத்து வைப்பது திருத்துவதைக் கெடுக்கிறது. ஸ்க்ராட்ச்சில் நாமே உருவாக்கும் பிளாக் விடையைத் திருப்பித் தராது என்பதால் நகலெடுக்கும் ஆசை இன்னும் கூடுகிறது. பெர்க்லியில் பிரையன் ஹார்வியும் ஜென்ஸ் மோனிக்கும் உருவாக்கிய ஸ்நாப்பில் அந்தக் குறை இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பிளாக்கிலேயே தொடர்வதாக இருந்தால் ஸ்நாப்பைப் பாருங்கள்.

கை சம்பந்தமான செலவையும் சொல்ல வேண்டும். இழுத்து விடுவதையும் தொட்டுத் தொட்டு வைப்பதையும் குழந்தைகளிடம் ஒப்பிட்ட கோரி இங்க்பென், தொட்டு வைப்பதே வேகமாகவும் பிழை குறைவாகவும் இருக்கிறது என்று 2001இல் காட்டினார். பிளாக் மொழி முழுவதும் இழுத்து விடுவதுதான். டச்பேட் மட்டும் உள்ள மடிக்கணினியில் இது பெரும் அவதி. ஸ்க்ராட்ச் வகுப்பு தொடங்குமுன் நான் வாங்கச் சொல்லும் முதல் பொருள் மவுஸ்.

பார்வையற்ற மாணவருக்குப் பெரும்பாலான பிளாக் சூழல்கள் மூடிய கதவு. திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானால் வண்ணத்தையும் வடிவத்தையும் சொல்ல முடியாது. லாரன் மில்ன், ரிச்சர்ட் லாட்னர் இருவரும் 2018இல் பிளாக்ஸ்4ஆல் என்ற மாதிரியில் இழுப்பதற்குப் பதிலாக வேறு வழிகள் சாத்தியம் என்று காட்டினார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் தொடங்கிய டொரினோ திட்டம், கையால் தொட்டு இணைக்கும் கோட் ஜம்பர் கருவியாக வளர்ந்தது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் நம் பள்ளி ஆய்வகத்தில் நாளைக்குக் கிடைக்கக்கூடியவை என்று சொல்ல முடியாது.

## ஒயர்: லேப்வியூ, நோட்-ரெட், பியூர் டேட்டா

ஒயர் மொழிகளில் தரவு குழாய்நீர் போல ஓடுகிறது. லேப்வியூவில் ஒரு பெட்டிக்கு வர வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்ததும் அது வேலை செய்து அடுத்த பெட்டிக்கு அனுப்பும். தொடர்பில்லாத இரண்டு கிளைகள் ஒரே நேரத்தில் ஓடலாம், அதற்கெனத் தனியாக எதுவும் எழுத வேண்டாம். 1986இல் வந்த லேப்வியூ அளவீட்டு ஆய்வகங்களில் நிலைத்ததற்கு இதுதான் காரணம். கருவிகளை ஒயரால் இணைத்தே பழகிய பொறியாளரின் மனதில் இருக்கும் படமும் திரையில் இருக்கும் படமும் ஒன்று. இசைக்கலைஞர்கள் ஒலியைக் கையாளும் ஒயர் மொழியான பியூர் டேட்டாவை விரும்புவதும் அதனால்தான். ஒலி அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு ஓடும் சிக்னல்.

தொடர்புகள் மறைவதில்லை என்பது இதன் பெரும் பலம். எது எதைச் சார்ந்தது என்று ஒயரே சொல்லிவிடும். பிசுபிசுப்பு அதற்குக் கொடுக்கும் விலை. மேலே சொன்ன எட்டு நிமிடம் அதுதான். நடுவில் ஒரு பெட்டி சேர்க்க வேண்டுமானால் சுற்றியுள்ள பெட்டிகளை ஒதுக்க வேண்டும். எங்கே எவ்வளவு இடம் விடுவது என்று, தேவை தெரியும் முன்பே தீர்மானிக்க வேண்டும். லேப்வியூவில் படத்தைச் சீர்செய்யும் பொத்தான் உண்டு. அது ஒயரை நேராக்கும், ஆனால் "இந்த மூன்று பெட்டிகளும் ஒரு குடும்பம்" என்று நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்த குறிப்பைக் கலைத்துவிடும்.

சுழற்சியும் நிபந்தனையும் அதிகமுள்ள கணக்கை ஒயரில் எழுதாதீர்கள். "வெப்பம் 60 தாண்டினால், அதுவும் மூன்று முறை தொடர்ந்து தாண்டினால், ஆனால் கதவு திறந்திருந்தால் அல்ல" என்பது எழுத்தில் நான்கு வரி. ஒயரில் அது சிலந்தி வலை.

கூட்டு வேலையில் இன்னொரு சிக்கல். லேப்வியூ கோப்பு பைனரி, அதை உரையாகத் திறந்து படிக்க முடியாது. யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்க அதற்கென்றே உள்ள கருவி வேண்டும். 2013இல் ஐபிஎம்மில் பிறந்த நோட்-ரெட் தன் படத்தை ஜேசான் உரையாகச் சேமிக்கிறது, அதனால் கொஞ்சம் மேல். ஆனாலும் ஒவ்வொரு பெட்டியின் இடமும் அதில் எண்ணாக இருப்பதால், அழகுக்காக ஒரு பெட்டியை நகர்த்தினாலே கோப்பு மாறியதாகக் காட்டும். உரிமத்தொகையையும் கணக்கில் வையுங்கள். நோட்-ரெட் திறந்த மூலம். லேப்வியூவின் கம்யூனிட்டி பதிப்பு 2020 முதல் இலவசம் என்றாலும் அது வணிகமும் உயர்கல்வி நிறுவனப் பாடமும் ஆய்வும் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே.

## எக்செல்: யாரும் நிரல் என்று சொல்லாத நிரல்

டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979இல் விசிகால்க்கை வெளியிட்டார்கள். உலகில் அதிகம் பேர் எழுதும் நிரல் மொழி எது என்று யாராவது கேட்டால், ஃபார்முலா என்றுதான் சொல்வேன். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தங்களை நிரலாளர் என்று நினைப்பதே இல்லை. அதுவே இதன் வெற்றி.

தொடங்கும் செலவு ஏறத்தாழ இல்லை. ஒரு எண்ணை மாற்றினால் அந்தக் கணமே எல்லாம் மாறும். இந்த உடனடித் தன்மையைத் தொட்டுப் பார்த்தவருக்கு "எழுது, சேமி, ஓட்டு, பார்" என்ற சுற்று பின்னோக்கிப் போவது போலத் தோன்றும். கணக்கர் தன் கணக்கைத் தானே புரிந்து, தானே மாற்றிக்கொள்ள முடிகிறது. இந்தச் சுதந்திரத்தை அவரிடமிருந்து பிடுங்குமுன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

ஆனால் மறைந்த தொடர்பில் எக்செல் நான்கிலும் மோசம். திரையில் விடை தெரிகிறது, ஃபார்முலா ஒளிந்திருக்கிறது. பி12 என்ற செல்லை எந்தெந்த ஃபார்முலா பயன்படுத்துகிறது என்று அந்தச் செல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் நாட்டுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010இல் வெளியிட்ட கட்டுரையில், சராசரி எடுக்கும் ஃபார்முலா ஐந்து நாடுகளின் வரிசைகளை விட்டுவிட்டது. பல அரசுகளின் சிக்கன விவாதத்தில் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. 2013இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அந்த ஷீட்டை வாங்கிப் பார்த்த பிறகே இது வெளிப்பட்டது. 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் சேராமல் போனார்கள். பழைய எக்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் நிற்காது என்பதே காரணம், மிஞ்சிய வரிசைகள் விடுபட்டுப்போயின. மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020 வாக்கில் சில மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். அறிவியல் ஒரு மென்பொருளுக்காகத் தன் சொல்லை மாற்றிக்கொண்டது.

ஆய்வாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் பர்னெட் குழு, சோதித்துப் பார்க்காத செல்லுக்குச் சிவப்புக் கரை, சோதித்ததும் நீலக் கரை என்று காட்டும் முறையைச் சோதனை மென்பொருளில் உருவாக்கியது. எந்த செல்லை இன்னும் நம்பக் கூடாது என்று கண்ணுக்கே தெரியும். 2003இல் சைமன் பெய்டன் ஜோன்ஸ், ஆலன் பிளாக்வெல், பர்னெட் மூவரும் சேர்ந்து, எக்செலைப் பயன்படுத்துகிறவரே வேறு மொழி கற்காமல் தன் சொந்தச் சார்பை (ஃபங்ஷனை) எழுதிக்கொள்ளும் வழியை முன்வைத்தார்கள். கிரீனின் சட்டகத்தை வைத்தே அந்த வடிவமைப்பை எடை போட்டார்கள். ஃபார்முலாவாலேயே சார்பு எழுதும் லாம்டா, சோதனை வடிவில் எக்செலுக்கு வந்ததே 2020 டிசம்பரில்தான். ஒரே வட்டி ஃபார்முலாவை முந்நூறு செல்லில் நகலெடுத்து வைத்திருப்பவர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

## எழுத்து: பைத்தான், எழில்

எழுத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருத்துவது மலிவு, தேடலாம், இரண்டு பதிப்பை ஒப்பிடலாம், அச்சிட்டு மரத்தடியில் உட்கார்ந்து படிக்கலாம், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வரிவரியாக வாசித்துக் காட்டும். அளவு பெரிதாகப் பெரிதாக மற்ற மூன்றும் திணறும் இடத்தில் இது தாங்கும். இப்போது நிரலின் முதல் வடிவத்தை இயந்திரமே எழுதித் தருகிறது, அதுவும் பெரும்பாலும் எழுத்தாகத்தான். அதைப் படித்துச் சரிபார்க்கும் திறமைக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

விலை முதல் படியில் இருக்கிறது. அந்தப் படியின் உயரமும் எல்லா மொழிக்கும் ஒன்றல்ல. ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக், சூசன்னா சீபர்ட் இருவரும் 2013இல் வெளியிட்ட சோதனையில், குறிச்சொற்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து ஒரு பொய் மொழியை உருவாக்கினார்கள். புதியவர்கள் ஜாவாவிலோ பெர்லிலோ செய்ததைவிட அந்தப் பொய் மொழியில் மோசமாகச் செய்துவிடவில்லை. பைத்தான், ரூபி, குவோரம் ஆகியவற்றில் நன்றாகவே செய்தார்கள். "எந்த மொழியில் தொடங்கினால் என்ன" என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு படி. சயமிந்து தாஸ்குப்தா, பெஞ்சமின் மாக்கோ ஹில் 2017இல் ஸ்க்ராட்ச் பயனர்களை ஆராய்ந்தபோது, சொந்த மொழியில் பிளாக்குகளைப் பார்ப்பவர்கள், அதே நாட்டில் ஆங்கிலத்தில் பார்ப்பவர்களைவிட வேகமாகப் புதிய கருத்துகளைக் கையாளத் தொடங்கினார்கள். தமிழில் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதில் நிபந்தனை முதலில் வருகிறது, "ஆனால்" என்ற சொல் பின்னால் வருகிறது. தமிழ் வாக்கியமும் அப்படித்தான்: மழை பெய்தால் என்போம், "ஆல் மழை பெய்" என்போமா? வேலைவாய்ப்புக்கு எழில் உதவுமா என்று கேட்கிறார்கள். முதல் இரண்டு வாரம் பயம் போக உதவும், அதுவே பெரிய உதவி.

## நடுவில் நிற்பவை

மைக்ரோ:பிட் என்ற சிறு கணினிப் பலகைக்கான மேக்கோட் எடிட்டரில் ஒரே நிரலை பிளாக்காகவும் எழுத்தாகவும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மைக்கேல் கோலிங் குழுவின் சட்டக வழி எடிட்டர்கள், அவற்றில் பைத்தானுக்கான ஸ்ட்ரைப்பும் ஒன்று, விசைப்பலகையிலேயே வேலை செய்ய வைத்து, அமைப்பை மட்டும் பிளாக் போலக் காக்கின்றன. ஹெர்மான்ஸ் 2020இல் தொடங்கிய ஹெடி முதல் நிலையில் மேற்கோள்குறிகூடக் கேட்காது, நிலைக்கு நிலை இலக்கணத்தைக் கூட்டிப் பைத்தானில் கொண்டுவந்து விடும். பிளாக்கிலிருந்து எழுத்துக்குத் தாண்டும் மாதத்தில் இவற்றில் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிளாக் | ஒயர் | எக்செல் | எழுத்து |
|---|---|---|---|---|
| தொடங்கும் செலவு | மிகக் குறைவு | நடுத்தரம், துறை தெரிந்தவருக்குக் குறைவு | ஏறத்தாழ இல்லை | அதிகம் |
| திருத்தும் செலவு | சிறிய நிரலில் குறைவு, பிறகு ஏறும் | அதிகம் | ஃபார்முலா நகல்களைப் பொறுத்தது | குறைவு |
| மறைந்த தொடர்பு | பாத்திரங்களுக்கு இடையே நிறைய | மிகக் குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் |
| ஒப்பிடல், கூட்டு வேலை | கடினம் | கடினம் | கடினம் | எளிது |
| வெளியே நிற்பவர் | பார்வையற்றவர், மவுஸ் இல்லாதவர் | பார்வையற்றவர் | பெரிய ஷீட்டில் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் | ஆங்கிலமும் தட்டச்சும் பழகாதவர் |

## மூவருக்கும் என் பதில்

ஆசிரியருக்கு. ஸ்க்ராட்ச்சிலேயே தொடங்குங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலில் ஸ்க்ராட்ச் எட்டிப் பார்க்கிறது, பதினொன்றில் கணினி அறிவியல் எடுப்பவருக்கு சி++, பன்னிரண்டில் பைத்தான். இடையில் பாலமே இல்லை. அந்தப் பாலத்தை எட்டிலும் ஒன்பதிலும் நீங்கள்தான் போட முடியும். எட்டாம் வகுப்பின் முதல் பாதி பிளாக், இரண்டாம் பாதியில் மேக்கோட் அல்லது ஹெடி. முதல் பாதியிலேயே, "புதிதாகச் செய்" என்ற பயிற்சிக்கு ஒன்று என்றால் "இதைப் படித்து மாற்று" என்பதற்கு இரண்டு கொடுங்கள். வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை ஒன்று இருந்தாலும் இந்த வரிசை முழுவதையும் கைவிட்டு, எல்லோருக்கும் எழுத்தில் தொடங்குங்கள். அந்தப் பிள்ளையைத் தனி மேசைக்கு அனுப்புவது தீர்வாகாது.

ஆய்வக நண்பருக்கு. லேப்வியூவைத் தயாரிக்கும் நிறுவனத்தின் அளவீட்டு அட்டைகள் ஏற்கெனவே ஆய்வகத்தில் இருந்தால் லேப்வியூ. இல்லையென்றால் நோட்-ரெட். சென்சாரிலிருந்து திரைக்கு ஓடும் பாதையை ஒயரில் வையுங்கள், எச்சரிக்கை எப்போது ஒலிக்க வேண்டும் என்ற விதியை ஒரே ஃபங்ஷன் பெட்டிக்குள் எழுத்தாக வையுங்கள். ஓடுவதைப் படமாகவும் தீர்மானிப்பதை எழுத்தாகவும் பிரித்துவிட்டால் இரண்டின் பலமும் கிடைக்கும். உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவர் யார் என்பதையும் பாருங்கள். அவர் மின்னணுவியல் படித்தவர் என்றால் ஒயர் அவருக்குப் பேசும்.

கணக்கருக்கு. எக்செலை விட்டுவிடாதீர்கள். ஆனால் இப்போதுள்ள நிலையிலும் விட்டுவைக்காதீர்கள். உள்ளீடு ஒரு ஷீட், வட்டி விகிதங்கள் ஒரு ஷீட், கணக்கு ஒரு ஷீட் என்று பிரியுங்கள். வட்டி ஃபார்முலாவை லாம்டாவாக ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். விடை தெரிந்த பத்து பழைய கணக்குகளைச் சோதனைக்காகத் தனியே வையுங்கள், ஷீட்டில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் அவை சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஷீட்டைத் தொட வேண்டிய நாள் வந்தாலோ, யார் எப்போது மாற்றினார் என்று தணிக்கையில் கேட்கத் தொடங்கினாலோ எழுத்து நிரலுக்குப் போகலாம். அப்போதும் பழைய ஷீட்டையும் புதிய நிரலையும் மூன்று மாதம் சேர்த்தே ஓட்டி, பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பழையதை மூடுங்கள்.

முடிவெடுக்குமுன் மூவரும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு கருவியிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள், அது வேறொருவர் எழுதியதாக இருக்கட்டும். ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஆசிரியர், விளையாட்டில் மூன்று உயிர் என்பதை ஐந்தாக்கி, ஒவ்வொரு உயிர் போகும்போதும் வேகம் குறையச் செய்யட்டும். ஆய்வக நண்பர் பதினோராவது சென்சாரைச் சேர்க்கட்டும். கணக்கர், மூத்த குடிமக்களுக்கு மட்டும் அரை சதவீதம் வட்டி கூட்டட்டும். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை இடத்தில் கை வைத்தீர்கள், அதில் எத்தனை இடத்தை முதலில் தவறவிட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.